ஸ்டெப்னியின் சக்கரம்

என் அண்ணனுக்கு ஒரு மாமியார் வீடு உண்டு. மனைவி இல்லை, மாமனார் இல்லை, வீடு மட்டும்தான். அது பந்தய சைக்கிளுக்கு கியர், செயின், பிரேக் எல்லாம் செய்கிற ஒரு கம்பெனி. கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறது. காலையில் பல் விளக்கியதும் விளக்காததுமாக அண்ணன் கைப்பேசியில் அந்தக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்ப்பான். பிறகு மாடியிலிருந்து இறங்கி வருவான். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார்.

"என்ன மச்சான், மாமியார் வீட்டுல இருந்து ஏதாவது தகவல்?"

"எங்க மாப்பிள்ளை. கிணத்துல போட்ட கல்லு."

அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். இது ஏதோ ஒரு வாரம் பத்து நாள் நடந்த வேடிக்கை இல்லை. எங்கள் மகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலை கிடைத்து வெளியூரும் போய்விட்டாள். மாமியார் வீட்டுத் தகவல் மட்டும் வரவில்லை. என்ன தகவல் என்றால், அந்தக் கம்பெனி பந்தய சைக்கிளுக்கு டிஸ்க் பிரேக் கொண்டுவருகிறதா இல்லையா என்பதுதான். இதற்காக ஒரு மனிதன் தன் நல்ல வயதைக் காத்திருந்தே கழிப்பானா என்று கேட்டால், கழித்தான். நான் கண்ணால் பார்த்தேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் வாசனைக்கு நடுவே அவன் பொழுது போகும். லிஃப்ட்டில் ஏறி இறங்குகிற யாரும் அவனைப் பார்த்ததில்லை. அது பாதியில் நின்றால்தான் அப்படி ஓர் ஆள் இருப்பதே அவர்கள் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டு மாடியறையில் தனியாக இருக்கிறான். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று நீங்களும் கேட்க வேண்டாம். கேட்டுக் கேட்டு எங்கள் வாய் வலித்ததுதான் மிச்சம். ஆள் கல்லுளிமங்கன். ஐம்பதைத் தொடப்போகிற என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

சின்ன வயதில் லிஃப்ட் கயிறும் கப்பியும் சேருகிற இடத்தில் கை மாட்டி, வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனி போய்விட்டது. மற்ற கம்பெனிகளின் சைக்கிளில் கியர் மாற்ற அந்த இரண்டு விரல்கள்தான் வேண்டுமாம். இந்தக் கம்பெனியில் மட்டும் கட்டைவிரலால் தள்ளுகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கும். கடையில் அதை முதல்முறை தள்ளிப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, 'எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பாப்பா' என்று அடுக்களை வாசலில் நின்று சொன்னான். சம்பந்தம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஊருக்கு வெளியே இருக்கும் மலைச்சாலையில் ஏறி இறங்குவார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருவர் எல்லாருக்கும் கடைசியாக வர வேண்டும். வழியில் யாருக்காவது சக்கரம் கோணினாலோ உடைந்தாலோ, கடைசி ஆள் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் மாட்டிக்கொண்டு கூட்டத்தோடு போய்விடுவார். கொடுத்தவர் சக்கரமில்லாத சைக்கிளோடு சாலையோரத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு யாராவது காரில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இப்படி ஒரு வேலைக்கு யார் முன்வருவார்கள்? என் அண்ணன்தான். ஒருமுறை இல்லை, எல்லா முறையும். அதனால் அவனுக்கு ஸ்டெப்னி என்று பேர் வைத்தார்கள். அவனுக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது. அப்பா வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவ்வளவு சீக்கிரம் திரும்பமாட்டான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு மலையிலிருந்து இறங்கும்போது பள்ளத்தில் விட்டு அவள் முன்சக்கரம் எட்டுப் போட்டதுபோல் வளைந்துவிட்டது. அண்ணன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். என் வீட்டுக்காரர் ஒரு வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது, மதிய வெயிலில் ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தானாம். 'மச்சானுக்கு வெயில் தலைக்கேறிடுச்சுன்னு நினைச்சேன்' என்றார்.

அந்த வாரத்திலேயே அவள் சக்கரத்தைத் திருப்பித் தர வீட்டுக்கு வந்தாள். கம்பி கம்பியாகத் துடைத்து, கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். என் அடுக்களையில் உட்கார்ந்து டீ குடித்தாள். ஆஸ்பத்திரிக் கதைகள் சொன்னாள். நானும் என் பங்குக்குப் பல்வலிக்காரர்களின் கதைகளைச் சொன்னேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன். வருகிறவர்களைக் காத்திருக்கச் சொல்வதுதான் என் பிழைப்பு. அண்ணன் வாசற்படியில் நின்று, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது நிற்கிறவரை பார்த்தான். பிறகு மறுபடியும் சுழற்றினான். அவள் போனபிறகு அதைச் சைக்கிளில் மாட்டவில்லை. வேறொன்றை மாட்டிக்கொண்டான். அவள் துடைத்த சக்கரம் மாடியறைச் சுவரில் ஏறிவிட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன பயன்? புரிய வேண்டியவள் நான் இல்லையே.

அப்போதுதான் இந்த டிஸ்க் பிரேக் வந்து தொலைந்தது. விஷயம் சின்னது. பழைய பிரேக் சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும். புதிய பிரேக், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஓர் இரும்புத் தட்டைப் பிடித்து நிறுத்தும். மழையிலும் பிடி விடாது, விரலுக்கும் வலிக்காது. ஆனால் பழைய சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஃபிரேமே புதிதாக வேண்டும். சக்கரமும் வேறு. ஒன்றின் சக்கரத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட முடியாது.

மருந்துக்கடைக்காரர் முதலில் மாறினார். பிறகு ஒவ்வொருவராக மாறினார்கள். என் வீட்டுக்காரர், 'ஊர் ஓடினா ஒக்க ஓடு மச்சான்' என்று சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்கவில்லை. நம்ம கம்பெனி சும்மா இருக்காது, சோதனை செய்துகொண்டிருக்கிறது, ஒரு பந்தயக்காரரின் சைக்கிளில் பார்த்ததாகப் படம்கூட வந்திருக்கிறது என்பான். வேறு கம்பெனிகளின் டிஸ்க்கைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கமாட்டான். நிச்சயம் ஆனவன் அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்காத மாதிரி அப்படி ஒரு பத்தினித்தனம்.

நர்ஸ் ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்தாள். 'உங்க கம்பெனி எப்ப கொண்டுவரும்?' என்று அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இவன் 'அடுத்த வருஷம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தானாம். அத்தைக்கு மீசை முளைக்கிற வரைக்கும் யார் காத்திருப்பார்கள்? ஒருநாள் ஈரச்சாலையில் சறுக்கி முழங்கை தேய்ந்தது. அவளும் டிஸ்க் வாங்கிவிட்டாள். அப்புறம் அந்தக் கூட்டத்தில் அண்ணனின் சக்கரம் பொருந்துகிற சைக்கிள் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அவன் கடைசியாகத்தான் போனான்.

அதன்பிறகு நடந்ததை அண்ணன் என்னிடம் பாதிதான் சொன்னான். மீதியைத் தலைவலி மாத்திரை வாங்கப்போனபோது மருந்துக்கடைக்காரர் சொன்னார்.

மறுபடியும் மலையிறக்கத்தில் அவள் முன்சக்கரம் உடைந்தது. மருந்துக்கடைக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள். அவரே தன் சக்கரத்தைக் கொடுக்கலாம் என்று அவள் சக்கரத்தைக் கழற்றி வைத்தார். அந்த நேரத்தில் பின்னாலிருந்து வந்து சேர்ந்தான் அண்ணன். வந்த வேகத்தில் இறங்கி, யாரையும் கேட்காமல், தன் முன்சக்கரத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான். நடுவில் தட்டு இல்லாத சக்கரம். யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில் சிரித்ததுதான். அவள் சிரிக்கவில்லையாம். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல், ஏதாவது செய்ய வேண்டுமே என்று, அண்ணன் அவள் சைக்கிளின் பிரேக்கை ஒரு முறை அழுத்திப் பார்த்தான். லிஃப்ட்காரன் கை அது. எந்த பிரேக்கைக் கண்டாலும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. பழைய பிரேக்கென்றால் ஒன்றும் ஆகியிருக்காது. டிஸ்க் பிரேக்கை, சக்கரம் இல்லாதபோது அழுத்தினால், உள்ளே இருக்கும் இரண்டு கட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். பிறகு எந்தச் சக்கரத்தின் தட்டும் உள்ளே நுழையாது.

டயர் கழற்றுகிற பிளாஸ்டிக் துண்டை வைத்து நெம்பிப் பார்த்தார்கள், அது உடைந்தது. சைக்கிள் கடைக்காரன் பிறகு அதை இரண்டு நொடியில் விரித்துவிட்டானாம். ஆனால் மலையில் கடை ஏது? அவள் ஒரு காய்கறி லாரியை நிறுத்தி, அதில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போனாள். போகும்போது 'பரவாயில்ல, விடுங்க' என்று அவனைப் பார்த்துத்தான் சொன்னாள் என்று மருந்துக்கடைக்காரர் சத்தியம் செய்தார். அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவன் கூட்டத்துக்குப் போகவில்லை. நம்ம கம்பெனி வரட்டும், வந்ததும் போகிறேன் என்றான்.

பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை ஓர் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, மாடியறையிலேயே மிதிக்க ஆரம்பித்தான். அந்த அறை என் அடுக்களைக்கு நேர் மேலே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அடுப்பைப் பற்றவைத்தால் மேலே உர்ரென்று அந்தச் சத்தம் கிளம்பிவிடும். மலை ஏறுகிற நேரத்தில் சத்தம் கனக்கும். இறங்குகிற நேரத்தில் லேசாகும். ஓர் அறைக்குள் நின்ற இடத்தில் மிதித்துக்கொண்டு, அவர்கள் இப்போது எங்கே போய்க்கொண்டிருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி மிதிக்கிறான் என்பது எனக்குக் கொஞ்ச நாளில் விளங்கியது. சத்தம் நின்றபிறகு கொஞ்ச நேரம் மேலே நடமாட்டமே இருக்காது. மகள் போனபிறகு என் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகத்தான் இருந்தன. ஆனால் எனக்குச் சண்டை போட ஒரு வீட்டுக்காரர் இருந்தார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் மேலே போய்விட்டேன்.

"வேற கம்பெனியில வாங்கேண்ணா. கட்டைவிரலாவது ஒண்ணாவது. லிஃப்ட்டுல அத்தனை வேலையையும் அந்தக் கையாலதானே பண்ற?"

மிதித்துக்கொண்டே இருந்தான். நானும் நகரவில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசியே பழகியவள் நான்.

"உனக்கு வேண்டியது பிரேக்கா, ஆளுங்களா? அதை மட்டும் சொல்லு."

மிதிப்பதை நிறுத்தினான். சக்கரம் தானாகச் சுற்றி நின்றது.

"சக்கரம் பொருந்தாம அங்க போய் நான் என்ன பாப்பா பண்ணுவேன்?"

கீழே இறங்கி வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

பல் மருத்துவமனையில் உட்கார்ந்து உட்கார்ந்து, காத்திருப்பவர்களில் இரண்டு சாதி உண்டு என்று கண்டிருக்கிறேன். ஒரு சாதி, எப்போது கூப்பிடுவார்கள் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு சாதி, 'அடுத்து நீங்கதான்' என்றால், 'பரவாயில்ல, அவங்க முதல்ல போகட்டும்' என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டும். வலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். என் அண்ணன் எந்தச் சாதி என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. கம்பெனி மேல் எனக்கு இருந்த கோபம்கூடக் குறைந்துவிட்டது. அது பாவம், அவன் ஒளிந்துகொள்ள ஒரு கதவு கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் கம்பெனி கதவைத் திறந்தது. அண்ணன் பல் விளக்குகிற பிரஷ்ஷோடு மாடிப்படியில் ஓடி வந்தான்.

"மாப்பிள்ளை, வந்துடுச்சு."

என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். கல்யாண வீடு மாதிரி இருந்தது. கட்டைவிரல் விசையும் அப்படியே இருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. புதிய ஃபிரேமைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அவன் தரையில் படுத்தான். ஒவ்வொரு பாகமாக அவனே மாட்டினான். மாட்டி முடித்தபிறகு ஒரு வாரம் வேறு வேலையே இல்லை. சக்கரத்தைக் கழற்றுவதும் மாட்டுவதும்தான். காலாவதியான ஒரு பிளாஸ்டிக் கார்டை வெட்டி, சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் செருகப் பழகினான். அது இருந்தால் யார் அழுத்தினாலும் கட்டைகள் ஒட்டாது. அவனுடைய சைக்கிள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அதன் முதுகில் தைத்திருக்கும் பையில் பார்த்தேன். இரண்டு துண்டுகள் வெட்டி வைத்திருந்தான். ஒன்று அவனுக்கு. இன்னொன்று யாருக்கு? சட்டை உலர்ந்ததும் இரண்டையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனான். மழை கொட்டியது. நான் அடுக்களையில் இருந்தேன். மேலே சத்தம் இல்லை. அந்த அமைதி எனக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.

மதியம் நனைந்து வந்தான். துண்டை எடுத்துக் கொடுத்தேன். டீ போட்டேன். பிரேக் எப்படி என்று கேட்டேன். நன்றாகப் பிடிக்கிறது என்றான். முதல்முறையாக மழையில் எல்லாரோடும் ஒன்றாக அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தானாம். யாரும் கவனிக்கவில்லையாம். நேரத்துக்கு வந்து சேருகிறவனை யார் கவனிப்பார்கள்? கூட்டத்தில் பாதிப்பேர் புதுமுகங்கள். இப்போது அவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் வருகிறதாம், அதில் நாலு ஜோடி சக்கரம் இருக்கிறதாம். யாருக்கு உடைந்தாலும் டிரைவர் இறங்கி மாட்டிவிட்டுப் போய்விடுவாராம்.

நான் கேட்க வேண்டியதை அவனே சொன்னான். நர்ஸ் இல்லை. போன வருடமே வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மருந்துக்கடைக்காரர்தான் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அண்ணன் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்டெப்னி ஏன் வர்றதில்லன்னு ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தாளாம் பாப்பா. பிரேக்குக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்னு மருந்துக்கடைக்காரர் சொன்னாராம். 'அவர்கிட்ட சக்கரம் யாரு கேட்டா? பின்னாடி ஒரு ஆள் வர்றாருன்னு தெரிஞ்சா நிம்மதியா ஓட்டுவேன், அவ்வளவுதான்'னு சொன்னாளாம்."

கோபம் வந்தால்தான் எனக்கு அழுகை நிற்கும். அதனால் கோபப்பட்டேன்.

"அவ நம்பரை வாங்கினியா?"

"அவரே தரட்டுமான்னு கேட்டாரு."

"வாங்கினியா?"

"இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்னுட்டேன்."

அடுத்து நீங்கதான் என்றால், அவங்க போகட்டும் என்கிற சாதி. அந்த நம்பரை நானே வாங்கியிருப்பேன். மருந்துக்கடை நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அண்ணன் என் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். எங்கள் அம்மா போனபோதுகூட அவன் கண்ணை நான் அப்படிப் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது ஒழுங்காகப் போகிறான். சந்தோஷம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே குறை சொன்னார். வேன் டிரைவருக்கு இவனால் தொல்லையாம். எல்லாருக்கும் பின்னால் வரவேண்டிய வேன் அது. இவனோ வேனுக்கும் முன்னால் போகமாட்டேன் என்கிறான். டிரைவர் வேகத்தைக் குறைத்தால் இவனும் குறைக்கிறான். அவர் நிறுத்தினால் இவனும் நிறுத்துகிறான். டிரைவர் கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போய் விட்டுவிட்டாராம்.

அடுத்த ஞாயிறு அவன் வாசலில் காற்றடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"வேனுக்குப் பின்னாடி போய் என்னண்ணா பண்ற? வேனுக்கு உன் சக்கரம் பொருந்துமா?"

சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று.

"பொருந்தாதுதான்," என்றான். பம்ப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். சட்டையின் முதுகுப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ஆனா பின்னாடி ஒரு ஆள் வரணும் பாப்பா."

வானம் மூட்டமாக இருந்தது. நான் மழைச்சட்டையை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தெருமுனையில் திரும்பினான். அவள் இப்போது இருக்கிற ஊருக்கு அந்த மலைச்சாலை போகாது.